கொம்பையா, எண்ணிக்கை ஒன்று

கோவில்பட்டியில் தண்டவாளத்துக்கு மேற்கே இருக்கிற ஆறாம் தெருவில் முப்பத்திரண்டு வீடுகள் உண்டு. ஆனால் ஆன்லைனில் சாமான் விற்கிற கம்பெனிக்காரர்களைக் கேட்டால் அந்தத் தெருவில் ஒரே ஒரு வீடுதான் இருக்கிறது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார்கள். அந்த ஒரு வீடு செண்பகவல்லியுடையது. தெருவில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீசுக்கும் மீதிப் பேர் மில்லுக்கும் கடலைமிட்டாய்க் கம்பெனிக்கும் காலையிலேயே பூட்டைத் தொங்கவிட்டுப் போய்விட, சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டு பகல் முழுக்கத் தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் அவள் ஒருத்திதான் என்பதால், யார் எதை ஆர்டர் போட்டாலும் பெயரை மட்டும் தன் பெயராகப் போட்டு, கதவு எண்ணையும் போன் நம்பரையும் செண்பகவல்லியுடையதாகப் போட்டுவிடுவது அங்கே வழக்கமாகிவிட்டது. மிக்சியும், பிள்ளைகளின் ஷூவும், மூட்டுவலித் தைலமும், ஒருமுறை ஒரு முழுக் கட்டிலும் அவள் வீட்டில்தான் வந்து இறங்கின. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மேலே ஒட்டியிருக்கிற சீட்டில் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்து, அன்றைக்குச் சாயங்காலமே அந்தந்த ஆளுக்குச் சொல்லியனுப்பி, கையில் கொடுத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். இத்தனை வருஷத்தில் அடுத்தவர் பெட்டியின் டேப்பை அவள் நகத்தால்கூடச் சுரண்டியதில்லை.

அவளுக்கென்று எதுவும் வந்ததில்லை. அவள் எதையும் ஆர்டர் போட்டதில்லை.

அப்படியிருக்க, ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பகல் பதினொரு மணிக்கு, பச்சைச் சேலை ஒன்றின் ஓரத்தில் அவள் ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தபோது போனில் குறுஞ்செய்தி வந்தது. "உங்கள் பொருள் சூரத்தில் இருந்து கிளம்பிவிட்டது. கொம்பையா, எண்ணிக்கை ஒன்று." அவள் சேலையின் ஓரத்தைக் கடைசிவரை அடித்து முடித்தாள், நூலை அறுத்தாள், மறுபடியும் படித்தாள். கொம்பையா அவள் கழுத்தில் தாலி கட்டியவன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பொங்கலன்று தெருவில் இறங்கி நடந்தவன், அப்புறம் இருக்கிறானா செத்தானா என்றுகூட ஒரு தகவல் இல்லாதவன்.

சாயங்காலம் தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்த பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாயிடம் போனை நீட்டினாள். பாக்கியத்தாய் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"அட, கிடைச்சுட்டாரா! பதினொரு வருஷமா போலீஸ் ஸ்டேஷன்ல கிடைக்காத ஆளு. இதுல எதைத் தேடினாலும் கிடைக்கும்னு எங்க வீட்ல சொல்லுவாக, சரியாத்தான் இருக்கு" என்றவள், "என்னைக்கு வருமாம்?" என்று கேட்டாள்.

"போடலக்கா."

"போடுவான். நீ எப்ப ஆர்டர் போட்ட?"

"நான் போடலையே."

"கை தவறிப் பட்டிருக்கும் ஏட்டி. எனக்கு இப்படித்தான் ரெண்டு டஜன் ஹேங்கர் வந்துச்சு."

அவ்வளவுதான். தெரு அதை அவ்வளவு லேசாக எடுத்துக்கொண்டது. மறுநாளிலிருந்து வேலைவிட்டு வருகிற பெண்கள், மதுரை பஸ் எங்கே வருகிறது என்று விசாரிப்பதுபோல, "எங்க வந்திருக்காரு?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். சூரத்திலிருந்து நாக்பூர் வந்து, அங்கே "வானிலை காரணமாகத் தாமதம்" என்று மூன்று நாள் நின்றபோது, மில்லில் ஸ்பின்னிங் பார்க்கிற பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து அம்மன் கோவிலில் விளக்குப் போட்டார்கள். குடோனில் சோறு கொடுப்பார்களா, கொசு கடிக்குமா, மேலே வாஷிங் மிஷினை அடுக்கிவிட்டால் ஆள் என்னத்துக்கு ஆவார் என்று கவலைப்பட்டார்கள். இந்தத் தெருவுக்குச் சாமான் கொண்டுவருகிற அந்தோணிராஜிடம் கேட்டபோது அவன், "கனமான சாமானை எப்பவும் அடியிலதான் வைப்போம்" என்று ஆறுதல் சொல்லப்போய், ஆளும் கனம்தானே என்று செண்பகவல்லிக்கு அன்று முழுக்க மிஷின் ஓடவில்லை.

அவளுக்குப் பயமாக இருந்தது. வேறு எந்தச் சொல்லும் அதற்குப் பொருந்தாது. வராமல் போய்விட்டால் தெருவே பார்த்துச் சிரிக்கும் என்று காலையில் பயந்தாள். வந்துவிட்டால் என்ன பேசுவது என்று மத்தியானம் பயந்தாள். தன் வாய் ஒருநாளும் கேட்காததைத் தன் கட்டைவிரல் கேட்டுவிட்டதோ என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஹைதராபாத், பெங்களூர், மதுரை என்று ஒவ்வொரு ஊராக அவன் நெருங்கி வர வர, போன் அதிரும்போதெல்லாம் அவள் மிஷினைப் பாதித் தையலில் நிறுத்திவிட்டு எடுத்துப் பார்த்தாள். ஒருநாள் அவள் கதவை அகலத் திறந்துபோட்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே, "டெலிவரி செய்ய முயன்றோம், கதவு பூட்டியிருந்தது" என்று செய்தி வந்தது. அவள் தெருமுனைவரை தலைவிரிகோலமாக ஓடி, யாரையும் காணாமல் திரும்பி வந்து, தண்ணீர்க்குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

இத்தனைக்கும் அசையாமல் இருந்தது எதிர்வீடு ஒன்றுதான். அங்கே இருந்தவள் வெயிலுகந்தாள், கொம்பையாவின் அக்கா. தாயும் தகப்பனும் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள், புருஷனையும் இழந்தவள், கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவள். தம்பியைத் துரத்தியவள் செண்பகம் என்று அவளும், மதினியின் வாய்தான் அவனைத் துரத்தியது என்று செண்பகவல்லியும் சொல்லிக்கொண்டு, பதினொரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். பன்னிரண்டடித் தெருவின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஒருத்தி பார்வைகூடப் போகாது. வெயிலுகந்தாளுக்கு வருகிற பார்சலும் ஊரோடு ஒத்துச் செண்பகவல்லி வீட்டுக்குத்தான் வரும், அதை இவள் பாக்கியத்தாய் கையில் கொடுத்து, "எதிர்த்த வீட்டுக்கு" என்பாள். பெயர் சொல்ல மாட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்தோணிராஜின் குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்பக்கம் பெட்டிகளுக்கு நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு கொம்பையா உட்கார்ந்திருந்தான். தலை முக்கால்வாசி வெளுத்திருந்தது, உடம்பு ஒடுங்கியிருந்தது, இடது மணிக்கட்டில் கோடுகோடாக அச்சடித்த அட்டை டேக் ஒன்று பிளாஸ்டிக் நூலில் தொங்கியது.

"ஓடிபி சொல்லுங்கக்கா" என்றான் அந்தோணிராஜ்.

தெரு முழுக்க எத்தனையோ பேருக்குத் தூக்கத்தில்கூடச் சொன்னவள், அன்று நான்கு எண்ணை இரண்டுமுறை தப்பாகச் சொன்னாள். மூன்றாவது முறை வண்டி அவனை விட்டது. அந்தோணிராஜ் அவனை வாசலில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, சட்டை முதுகில் ஒட்டியிருந்த சீட்டைச் செண்பகவல்லி பக்கம் திருப்பிக் காட்டினான். கடைசி இரண்டு வரியில் அவள் கதவு எண்ணும் அவள் போன் நம்பரும் இருந்தன. அதற்கு மேல் படிக்கக் கண்ணில் நிறைந்த தண்ணீர் அவளை விடவில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"மதுரையில ஒரு டீ" என்றான் கொம்பையா.

ஆறாம் தெருவுக்கு ஆன்லைன் சாமானைப் பற்றி ஒரு ஞானம் உண்டு. பட்டுச்சேலை வரும், டேக்கை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய், மொய் எழுதி, பந்தியில் சாப்பிட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டு வந்து, மடிப்புக் கலையாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏழு நாள் தவணை. டேக் மட்டும் கிழியக்கூடாது. ஆகவே கொம்பையாவைப் பார்க்க வந்த ஒவ்வொருத்தியும், வந்த காரியமே இதுதான் என்பதுபோல, இதைச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"டேக்கை மட்டும் அத்துராத ஏட்டி. ஆளு எப்படின்னு ஏழு நாளு பாரு. மறுபடியும் பழைய புத்தின்னா திருப்பி விட்டுரு" என்றாள் பாக்கியத்தாய். அவனையே சுற்றிவந்து பார்த்துவிட்டு, "போட்டோல பாத்ததுக்குக் கொஞ்சம் கருப்புதான்" என்றாள்.

எனவே கொம்பையா இடதுகையில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு குளித்தான். அவன் வந்த சட்டையைத் துவைக்காமல், சீட்டு கசங்காமல் உள்பக்கமாக மடித்து ஆணியில் மாட்டி வைத்தாள். தினமும் காலையில், "உங்கள் பொருள் எப்படி இருக்கிறது? நட்சத்திரம் கொடுங்கள்" என்று செய்தி வந்தது. அதற்குக் கீழேயே, திருப்பி அனுப்ப இன்னும் ஐந்து நாட்கள், இன்னும் நான்கு நாட்கள் என்று வந்தது. அவள் நட்சத்திரம் கொடுக்கவில்லை. மூன்று கொடுத்தால் கோபித்துக்கொண்டு போய்விடுவானோ, ஐந்து கொடுத்தால் கண்பட்டுவிடுமோ என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அவன் தண்ணீர் பிடித்தான், பூண்டு உரித்தான், மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். ஏன் போனாய் என்று அவள் கேட்கவில்லை. நூறு தடவை தொண்டைவரை வந்தது. கேட்டால் பதில் சொல்வான், பதில் சொன்னால் அதைக் கேட்டுவிட்டு அவனை எப்படி வைத்துக்கொள்வது என்று கேள்வியை விழுங்கினாள். காலையில் கண்விழித்ததும் பாயைத் தடவிப் பார்த்தாள். அவன் கக்கூசுக்குப் போனால்கூட வெளியே நின்று இருமினாள். தெருவில் எந்த வண்டி நின்றாலும் எழுந்து வாசலை மறித்து நின்றாள்.

ஆறாவது நாள் மத்தியானம் மிஷினில் நூல் அறுந்தது. அவள் எரிச்சலோடு கண்ணைச் சுருக்கிக் கோர்க்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அரைத்தூக்கத்தில் இருந்த கொம்பையா எழுந்து வந்து, நூல் நுனியை வாயில் நனைத்து, ஒரே செருகலில் கோர்த்துக் கொடுத்துவிட்டு, மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்டான். கல்யாணமான புதிதில் அவளுக்கு ஊசி கோர்த்துக் கொடுத்தது அவன்தான். இத்தனை வருஷமாக இந்த நூலைத் தனியாகக் கோர்த்துத்தானே கண் பூத்தது என்று நினைத்தாள். நூல் வெட்டுகிற கத்தரியை எடுத்துப்போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, டேக்கின் பிளாஸ்டிக் நூலை நறுக்கென்று வெட்டினாள்.

"வலிச்சுதா?" என்றாள்.

"இல்ல" என்றான்.

அன்று ராத்திரிதான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஏழாம் நாள் காலை அந்தோணிராஜ் வெறும் வண்டியோடு வந்து நின்றான். கையில் சாமான் இல்லை, ஒரு காகிதம்தான் இருந்தது.

"ரிட்டர்ன் எடுக்கணும்க்கா."

"யாரு வீட்டுது?"

"இவருதான்." கொம்பையாவைக் காட்டினான்.

"நான் ரிட்டர்ன் போடலையே. எனக்குப் பிடிச்சிருக்கு. நான் வச்சுக்கிடுதேன்."

"வாடிக்கையாளர் போட்டிருக்காங்கக்கா."

"நான்தான வாடிக்கையாளர்!"

அந்தோணிராஜ் காகிதத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான். "வெயிலுகந்தாள்னு போட்டிருக்கு" என்றான்.

செண்பகவல்லி ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் பிரித்தாள். சீட்டின் மேல்வரியில், அவள் எல்லாப் பெட்டியிலும் முதலில் பார்க்கிற, இந்தப் பெட்டியில் மட்டும் பார்க்காமல் விட்ட வரியில், பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவளுக்குக் காதில் கொய்யென்று சத்தம் கேட்டது.

"உங்களுக்குத் தெரியாதா?" என்று கொம்பையாவிடம் திரும்பினாள்.

"முதுகுல ஒட்டினதை நான் எப்படிப் படிக்க? எந்த வீட்டுல இறக்குதாகளோ அந்த வீடுன்னு இருந்தேன்."

அந்தோணிராஜ் அவனுடைய இடது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். "டேக் எங்கக்கா?"

"வெட்டிட்டேன்."

"டேக் இல்லாம நான் எடுக்க முடியாதுக்கா, என் சம்பளத்துல பிடிச்சிருவான்." போனில் எதையோ அமுக்கினான். "ரிஜெக்ட் போட்டுட்டேன். இனி யாரும் எடுக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, விட்டால் போதும் என்று வண்டியைக் கிளப்பினான்.

இனி யாரும் எடுக்க மாட்டார்கள். தெரு வேலைக்குப் போயிருந்தது, பார்த்தவர் ஒருவரும் இல்லை. சீட்டை உரித்து அடுப்பில் போட்டுவிட்டால் கதை முடிந்தது. செண்பகவல்லி சீட்டின் ஓரத்தில் நகத்தை வைத்தாள். முப்பது வீட்டுக்கும் அன்றன்றைக்குச் சொல்லியனுப்பியவள், எதிர்வீட்டுக்காரியின் பொருளை ஏழு நாள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சோறு போட்டு, குளிக்க வைத்து, பக்கத்தில் படுத்து, கடைசியில் டேக்கையும் வெட்டிவிட்டாள். எதிரே ஜன்னலுக்குப் பின்னால் ஒருத்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. நகத்தை எடுத்தாள். அவனுக்குச் சட்டையை மாட்டிவிட்டாள். கையைப் பிடித்தாள். பதினொரு வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பன்னிரண்டடித் தெருவைக் குறுக்கே கடந்தாள்.

வெயிலுகந்தாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கையில் போன்.

"உங்க பார்சல்" என்றாள் செண்பகவல்லி.

"தெரு முழுக்கச் சொல்லியனுப்புவ. எனக்கு மட்டும் சொல்லல" என்றாள் வெயிலுகந்தாள். தரையைப் பார்த்துத்தான் சொன்னாள். "தெனம் கம்பெனிவிட்டு வந்ததும் இந்தப் போன்ல இவன் பேரை அடிப்பேன். எதையோ காட்டும், சட்டை, கொடை, பூட்டுன்னு. அன்னைக்கு இவனையே காட்டுச்சு. அமுக்கிட்டேன். ஏழு நாளா ஜன்னல்ல நிக்கேன். நீயும் சொல்லல, இவனும் இந்தப் பக்கம் தலையத் திருப்பல. எனக்கில்லாதது யாருக்கும் வேண்டாம்னுதான் ரிட்டர்ன் போட்டேன். தப்புத்தான்."

"நான் பேரைப் பாக்கல மதினி. சத்தியமா பாக்கல. எனக்குன்னு நெனச்சுட்டேன்."

"டேக்கை வெட்டிட்டியாமே."

"வெட்டிட்டேன்."

வெயிலுகந்தாள் அப்போதுதான் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். அவன் வாசற்படிக்குக் கீழே, தெருவில்தான் நின்றான். தூக்கி வளர்த்த முகம், அதில் பாதி அவளுக்குத் தெரியாத முகம். அவளுக்கு உதடு கோணியது.

"உன்னை வச்சுக்கிடணும்னு நான் வாங்கல. ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான். ஏம்ல போன? யார் சொன்னது தாங்காமப் போன? அவ சொன்னதா, நான் சொன்னதா?"

செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். ஏழு நாளாக அவள் விழுங்கிய கேள்வி அது.

கொம்பையா யோசித்தான். "அன்னைக்கு உனக்குக் குடுக்கவேண்டிய பொங்கப்படி அரிசியும் கரும்பும் மஞ்சக்குலையும் கையில வச்சுக்கிட்டு தெரு நடுவுல நிக்கேன். இவ, 'நம்ம பானை பொங்குமுன்னே அக்கா வீட்டுக்குப் போனா இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது'ன்னா. நீ அங்கருந்து, 'அவளைக் கேட்டுட்டுத்தான் வருவன்னா வரவே வராத'ன்ன. சரி, ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும், அதுவரைக்கும் ஒரு டீ குடிப்போம்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன்." பிடரியைச் சொறிந்துகொண்டான். "அங்கருந்து அப்படியே போயிட்டேன். வருசா வருசம் பொங்கலன்னைக்கு முக்கு டீக்கடைக்குப் போன் போட்டு, யாருன்னு சொல்லாம, ஆறாம் தெருவுல எதிரும் புதிருமா ரெண்டு பொம்பளைக இருக்காகளே, பேசிட்டாகளான்னு கேப்பேன். இல்லன்னுவாக. சரி, இன்னும் முடியலன்னு இருந்துக்கிடுவேன்."

அக்காவைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான்.

"இப்பப் பேசியாச்சா?"

பதினொரு வருஷமாக ஒருத்தி தலையில் இன்னொருத்தி ஏற்றிவைத்திருந்த பாரம் அந்தச் சின்ன நடையில் தொப்பென்று விழுந்து, யாரும் எடுக்காமல் கிடந்தது. மேலே ஃபேன் சுற்றியது. கொம்பையா கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு, அவசரமே இல்லாமல், தெருமுனைப் பக்கம் லேசாகத் திரும்பினான். காலில் செருப்பு இருந்தது.

இரண்டு பெண்களும் அந்தச் செருப்பைப் பார்த்தார்கள்.

"செண்பகம்" என்றாள் வெயிலுகந்தாள். குரல் பிசிறடித்தது. "உங்க... உங்க வீட்ல நல்ல தண்ணி வந்துட்டா?"

"இன்னும் வரல மதினி. உங்களுக்கு?"

"நேத்து வந்துச்சு. கலங்கலா வந்துச்சு."

"எங்களுக்கும் கலங்கல்தான். படிகாரம் போட்டேன்."

"படிகாரம் நல்லது. ரேஷன்ல பருப்புப் போடுதானா?"

"போடுதான் மதினி, வண்டு இருக்கு. உங்களுக்கு முட்டி வலின்னு பாக்கியக்கா சொன்னாக."

"இருக்கு. குளுந்தா வலிக்கும். உனக்குக் கண்ணு எப்படி இருக்கு?"

அவன் திரும்பியது பாதியில் நின்றது. அவர்கள் பேசினார்கள். தண்ணீரைப் பற்றியும், கரண்டு பில்லைப் பற்றியும், பாகு பதத்தைப் பற்றியும், ஃபால்ஸ் துணியின் சாயம் போவதைப் பற்றியும், செத்துப்போனவர்களைப் பற்றியும், பிறந்த பிள்ளைகளைப் பற்றியும் பேசினார்கள். நாக்கு வறண்டது, எழுந்து தண்ணீர் குடிக்க இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை. பேச்சுக்கு இடையில் மூச்சு விட்டால்கூட ஒருத்தி இன்னொருத்தியைப் பதறிப்போய்ப் பார்த்தாள், உடனே அவள் எதையாவது எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் தீப்பெட்டி ஆபீசும் மில்லும் விட்டு வந்த பெண்கள் தெருவில் அப்படியே நின்றுவிட்டார்கள். யாரும் குறுக்கே பேசவில்லை. பாக்கியத்தாய் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து, சத்தமில்லாமல் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு விலகிக்கொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கொம்பையா ஒரு செருப்பைக் கழற்றினான்.

"அப்புறம் சொல்லு" என்றாள் வெயிலுகந்தாள்.